மறந்த படமும் மறைத்த வரலாறும்

மார்க்கக் கல்வி கற்றவர் திரைப்படம் பற்றிக் கட்டுரை வரைவதா என்று சிலர் மூக்கின்மேல் விரல் வைக்கக்கூடும். உருவம், இசை, நடிப்பு ஆகியன பற்றிய ஷரீஅத் சட்ட விளக்கம் தனி நூலுக்குரிய பொருள். அதில் உலமாப் பெருமக்களிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதையும் யாவரும் அறிவர். ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள் அதுவன்று. நம் இல்லங்களில் தொலைக்காட்சி புகுந்து பல்லாண்டுகள் கழிந்தன. இன்று கைப்பேசியும் வந்துவிட்டது. நம் பிள்ளைகள் நாள்தோறும் ஏதேனும் ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றனர். அங்ஙனமிருக்க, இஸ்லாமிய உலகின் வரலாற்றைப் பொருளாகக் கொண்டு, கண்ணுக்கும் கருத்துக்கும் விருந்தாக எடுக்கப்பெற்ற சில நல்ல படங்கள் தேடுவாரற்றுக் கிடக்கின்றன. பெரியவர்கள் அவற்றைத் திரைப்படம் என்பதற்காக ஒதுக்கினர். இளைஞர்கள் பழைய படம் என்பதற்காக ஒதுக்கினர். இருவரும் இழந்தது யாது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

ஹதீஸ் கலை பயின்றோர் ஒரு செய்தியைக் கேட்டவுடன் தலைமேல் வைத்துக் கொண்டாடுவதில்லை, கேட்டவுடன் தள்ளிவிடுவதுமில்லை. இதை அறிவிப்பவர் யார்? அவர் நேர்மையாளரா? அவருடைய நினைவாற்றல் எத்தகையது? அவருக்கு ஏதேனும் சார்பு உண்டா? இவற்றை ஆராய்ந்த பின்னரே ஏற்க வேண்டியதை ஏற்பர். 'ஜர்ஹு வ தஃதீல்' என்று அக்கலைக்குப் பெயர். வரலாற்றுத் திரைப்படமும் ஓர் அறிவிப்பாளரே. அவர் சொல்வதில் மெய்யும் இருக்கும். அவருக்குக் கூலி கொடுத்தவரின் விருப்பமும் கலந்திருக்கும். இந்த உரைகல்லைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு படங்களைப் பார்ப்போம்.

எகிப்து தந்த ஸலாஹுத்தீன்

சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபியைத் திரையில் கண்டதாகச் சொல்லும் இளைஞர்களைக் கேட்டால், 2005-ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கிலப் படத்தையே குறிப்பிடுவர். அதற்கு 42 ஆண்டுகளுக்கு முன்னரே, 1963-இல், கெய்ரோவில் 'அந்நாஸிர் ஸலாஹுத்தீன்' என்னும் அரபுப் படம் வெளிவந்தது என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. அலெக்ஸாந்திரியாவில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த யூஸுஃப் ஷாஹீன் அதை இயக்கினார். ஆஸியா தாகிர் என்னும் லெபனான் நாட்டுப் பெண்மணி தயாரித்தார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற நஜீப் மஹ்பூஸும் கதை அமைப்பில் பங்கு கொண்டார். அஹ்மத் மழ்ஹர் ஸலாஹுத்தீனாக நடித்தார். ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் வண்ணப்படம்; போர்க்களங்களும் பாசறைகளும் இன்றும் கண்ணைக் கவர்கின்றன. ரிச்சர்டு மன்னரின் பாசறையில் நடக்கும் சூழ்ச்சிகள் கதையைச் சலிப்பின்றி நடத்திச் செல்கின்றன.

இப்படத்தில் ஈஸா அல்அவ்வாம் என்றொரு வீரர் வருகிறார். ஸலாஹுத்தீனின் படையில் பணியாற்றும் அரபுக் கிறிஸ்தவராக அவரைக் காட்டியுள்ளனர். வரலாற்றில் ஈஸா யார்? சுல்தானின் உடனிருந்து அவருடைய வரலாற்றை எழுதிய காழீ பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத் அவரைப் பற்றி எழுதியுள்ளார். கி.பி. 1189 முதல் 1191 வரை அக்கா நகரம் முற்றுகையிடப்பட்டிருந்த காலத்தில், ஈஸா என்னும் முஸ்லிம் நீச்சல் வீரர் இருளில் கடலில் குதித்து, பகைவர் மரக்கலங்களுக்கு அடியில் மூழ்கிச் சென்று, நகருக்குள் இருந்தோர்க்குக் கடிதங்களையும் பொற்காசுகளையும் சேர்ப்பித்து வந்தார். சேர்ந்ததும் ஒரு பறவையைப் பறக்கவிட்டுத் தெரிவிப்பது வழக்கம். ஓர் இரவு சென்றவர் சேர்ந்ததற்கு அடையாளமான பறவை வரவில்லை. சில நாட்களுக்குப் பின் அவருடைய ஜனாஸா அக்காவின் கரையில் ஒதுங்கியது. இடுப்பில் கட்டிய பொற்காசும் கடிதங்களும் அப்படியே இருந்தன. உயிரோடு இருக்கும்போது ஒப்படைத்த அமானிதத்தை இறந்த பின்னும் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதரை எண்ணி இப்னு ஷத்தாத் வியந்து போகிறார். நாமும் வியக்கிறோம்.

படம் எடுத்தவர்கள் இந்த ஒப்பற்ற நிகழ்ச்சியை விட்டுவிட்டு ஈஸாவின் மார்க்கத்தை மாற்றியது ஏன்? 1963-இல் எகிப்தை ஆண்டவர் ஜமால் அப்துந் நாஸிர். அரபியர் யாவரும் முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வேறுபாடின்றி ஒரே இனம் என்பது அவர் முழக்கம். சுல்தானுக்கு 'அல்மலிக்குந் நாஸிர்' என்ற பட்டம் இருந்தது உண்மைதான். ஆயினும் படத்தின் தலைப்பைப் படித்த எகிப்தியரின் நெஞ்சில் எந்த நாஸிரின் முகம் தோன்றியிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ? இருந்தும், பகைவன் நோயுற்றபோது அவனுக்கு உதவிய சுல்தானின் பெருந்தன்மையை இத்துணை அழகாகக் காட்டிய அரபுப் படம் வேறு இல்லை எனலாம். கலப்படத்தைக் கண்டு கொண்டு, மெய்யை எடுத்துக்கொள்வோமாக!

அலெப்போவிலிருந்து புறப்பட்ட இளைஞர்

இனி நம் கட்டுரையின் தலையாய படத்துக்கு வருவோம். அதை எடுத்த முஸ்தஃபா அக்காத் 1930-இல் சிரியாவின் அலெப்போ நகரில் பிறந்தவர். திரைப்படக் கலை கற்க அமெரிக்கா புறப்பட்டபோது தந்தை அவர் கையில் கொடுத்தவை 200 டாலரும் ஒரு குர்ஆன் பிரதியும். பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்தைச் சித்திரிக்கும் 'அர்ரிஸாலா' என்னும் படத்தை 1976-இல் அவர் வெளியிட்டார். அண்ணலாரின் திருவுருவோ திருக்குரலோ எங்கும் இடம்பெறாத வகையில், ஆங்கிலத்திலும் அரபியிலும் தனித்தனி நடிகர்களைக் கொண்டு எடுக்கப்பட்ட படம் அது. அதற்கு எழுந்த எதிர்ப்புகளும் அதன் புகழும் யாவரும் அறிந்தவை. இன்றும் ரமளான் மாதத்தில் அதைப் பார்க்கும் குடும்பங்கள் உலகெங்கும் உள்ளன.

அதே அக்காத், அதே நடிகர் ஆன்டனி குவினைக் கொண்டு 1981-இல் வெளியிட்ட மற்றொரு படம் 'பாலைவனச் சிங்கம்'. அரபியில் அதற்கு 'உமருல் முக்தார்' என்று பெயர். 'அர்ரிஸாலா'வில் ஹம்ஸா (ரலி) அவர்களாக நடித்தவர், இதில் லிபியாவின் முதிய போராளியாக நடித்தார். செலவு 3½ கோடி டாலர் என்பர். அமெரிக்கத் திரையரங்குகளில் அதில் இருபதில் ஒரு பங்குகூடத் திரும்பவில்லை. பணம் கொடுத்தது லிபியாவின் கத்தாஃபி அரசு. படம் வெளிவந்த அதே 1981-இல் அமெரிக்கா, வாஷிங்டனிலிருந்த லிபியத் தூதரகத்தை மூடியது. ஆகஸ்டில் இரண்டு லிபிய விமானங்களைச் சுட்டு வீழ்த்தியது. கத்தாஃபியின் காசில் எடுத்த படம் என்ற பெயரே அதை மறக்கடிக்கப் போதுமானதாக இருந்தது.

ஓதிக்கொடுத்த கைகள்

படத்தின் கதாநாயகர் மன்னர் அல்லர். தளபதியாகப் பயிற்சி பெற்றவரும் அல்லர். குழந்தைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்த ஆசிரியர். நாம் அவரை முதன்முதலாகக் காணும்போது, மூக்குக் கண்ணாடி அணிந்த முதியவராய், சிறுவர்கள் சூழ அமர்ந்து, ஸூரத்துர் ரஹ்மானில் வரும் 'மீஸான்' என்ற சொல்லை அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார். தராசின் தட்டுகள் ஏன் சமமாயிருக்க வேண்டும் என்பது பாடம். படம் முழுவதும் இந்தத் தராசைத்தான் நம் முன் தூக்கிப் பிடிக்கிறது என்பதைப் பார்த்து முடித்த பின்னர் உணர்வோம்.

பதுங்கித் தாக்கும் போர்க்காட்சிகள் இப்படத்தில் மிகச் சிறந்தவை. குதிரையும் துப்பாக்கியும் மட்டுமே உடைய பதூயின் வீரர்கள், பீரங்கி வண்டிகளையும் விமானங்களையும் கொண்ட இத்தாலியப் படையை மலை இடுக்குகளுக்குள் இழுத்துவந்து மடக்குவதைக் காணும்போது இருக்கை நுனிக்கு வந்துவிடுவோம். மொரீஸ் ஜாரின் இசை போரின் ஆரவாரத்தைவிட அதன் பின்வரும் அமைதியில் நெஞ்சைத் தொடுகிறது. ஜெனரல் கிராஸியானியாக வரும் ஆலிவர் ரீட் ஓரிடத்திலும் கூச்சலிட்டு மிரட்டாமல், நேர்த்தியான சீருடையும் தணிந்த குரலுமாகவே நம்மை அச்சுறுத்துகிறார். முஸோலினியாக ராட் ஸ்டைகர் நடிக்கிறார்.

ஒரு காட்சியை மட்டும் எடுத்துச் சொல்வோம். தாக்குதலில் தோற்ற இத்தாலியப் படையில் இளம் அதிகாரி ஒருவன் உயிரோடு எஞ்சுகிறான். அவனைக் கொன்றுவிட வேண்டும் என்று தோழர்கள் துடிக்கின்றனர். சரணடைந்தவரைக் கொல்வது நம் வழியன்று என்று முக்தார் தடுக்கிறார். அவர்கள் நம்மவரைக் கொல்கிறார்களே என்று ஒருவர் வாதிடுகிறார். அவர்கள் நமக்கு ஆசான்கள் அல்லர் என்பதே முதியவரின் மறுமொழி. இத்தாலியக் கொடியையும் அவ்விளைஞனின் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறார். பள்ளியில் சொல்லிக்கொடுத்த 'மீஸான்' களத்திலும் கோணாமல் நிற்பதைக் காட்ட இதைவிட வேறென்ன வேண்டும்?

ஏடுகள் கூறும் சான்று

இனி அறிவிப்பாளரைச் சோதிப்போம். படம் சொல்வது எந்த அளவுக்கு உண்மை?

அல்ஜீரியாவில் பிறந்த முஹம்மது இப்னு அலீ அஸ்ஸனூஸி 1843-இல் பர்கா நாட்டின் பைளா என்னுமிடத்தில் ஒரு ஸாவியாவை நிறுவினார். பர்கா என்பது இன்றைய கிழக்கு லிபியா. தொழுகை, திக்ர், கல்வி, வழிப்போக்கர்க்கு விருந்து, குலங்களுக்கிடையே சமாதானம் ஆகிய அனைத்துக்கும் ஸாவியாவே இடமாயிற்று. காயல்பட்டினத்து ஸாவியாவை அறிந்த நம் வாசகர்க்கு இச்சொல் புதிதன்று. 1856-இல் ஜக்பூப் பாலைவனச் சோலையில் ஸனூஸிய்யா தரீக்காவின் தலைமைக் கல்விக்கூடம் அமைந்தது. அங்கு பயின்று, பின்னர் அல்குஸூர் ஸாவியாவின் ஷைகாக அமர்த்தப்பட்டவரே உமர் முக்தார்.

1911-இல் இத்தாலி லிபியாமீது படையெடுத்தது. அடுத்த ஆண்டே உதுமானியப் பேரரசு உடன்படிக்கை செய்துகொண்டு விலகியது. அப்போரில் மாண்ட பாத்திமா பின்த் அப்துல்லாஹ் என்ற அரபுச் சிறுமியை அல்லாமா இக்பால் உருதுவில் பாடியது கொண்டு, அக்காலத்து இந்திய முஸ்லிம்களின் நெஞ்சம் அப்பாலைவனத்தோடு எவ்வாறு பிணைந்திருந்தது என அறியலாம். பேரரசு விலகிய பின்னும் ஸாவியாக்கள் விலகவில்லை. 1923 முதல் பர்காவின் போராட்டத்தை நடத்தும் பொறுப்பு உமர் முக்தாரின் தோள்மேல் விழுந்தது. அப்போதே அவர் அறுபது வயதைக் கடந்தவர்.

1930-இல் கிராஸியானி பர்காவுக்கு வந்தார். போராளிகளுக்கு உணவும் செய்தியும் தருவோர் மக்களே என்பதால், மக்களையே பெயர்த்துவிடுவது என்று முடிவாயிற்று. ஜபலுல் அக்ளர் என்னும் பசுமலைப் பகுதியிலிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள், அதாவது பர்கா மக்கட்தொகையில் பாதிப்பேர், ஆடுமாடுகளோடு பாலை வழியே நடத்திச் செல்லப்பட்டு, அகைலா, புரைகா, மக்ரூன், ஸுலூக் முதலிய இடங்களில் முள்கம்பி முகாம்களுக்குள் அடைக்கப்பட்டனர். பசியாலும் நோயாலும் தூக்குமரத்தாலும் அங்கு மாண்டோர் 40,000-க்குக் குறையார் என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு. எகிப்திலிருந்து உதவி வருவதைத் தடுக்க, பர்திய்யா துறைமுகம் முதல் ஜக்பூப் வரை 270 கிலோமீட்டர் நீளத்துக்கு முள்கம்பி வேலி போடப்பட்டது.

இவையெல்லாம் படம் புனைந்தவை அல்ல. இஸ்லாத்தைத் தழுவிய டென்மார்க் நாட்டு எழுத்தாளர் நூத் ஹோல்ம்போ 1930-இல் மொரோக்கோவிலிருந்து காரில் லிபியா வழியாகப் பயணம் செய்து, கண்ணால் கண்டதை 1931-இல் நூலாக எழுதினார். அதே ஆண்டில் ஹஜ்ஜுக்குச் செல்லும் வழியில் தமது 29-ஆம் வயதில் கொல்லப்பட்டார். ஆங்கில அறிஞர் இவான்ஸ் பிரிச்சர்டு 1949-இல் பர்காவின் ஸனூஸியர் பற்றி எழுதினார். இத்தாலியரான ஆஞ்சலோ டெல் போக்கா தம் நாட்டு ஆவணங்களைக் கொண்டே தம் நாட்டின் கொடுமைகளை வெளிப்படுத்தினார். முகாம்களில் உயிர் தப்பியோரின் வாய்மொழிகளைத் திரட்டி, லிபியரான அலீ அப்துல்லத்தீப் அஹ்மிதா 2020-இல் நூல் வெளியிட்டார். படம் 1981-இல் சொன்னதை இவர்கள் அனைவரும் உறுதிப்படுத்துகின்றனர்.

1931 செப்டம்பர் 11-ஆம் நாள், குதிரை சுடப்பட்டு விழ, உமர் முக்தார் சிறைப்பட்டார். 15-ஆம் நாள் பெங்காஸியில் விசாரணை. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அது முடிந்துவிட்டது. அவருக்காக வாதிட அமர்த்தப்பட்ட இத்தாலியக் கேப்டன் லொன்டானோ, இவரைப் போர்க்கைதியாகவே நடத்த வேண்டும் என்று துணிந்து கூறினார். அதற்காகத் தண்டனையும் பெற்றார். நீதி எந்தச் சமுதாயத்திலும் முற்றாக அற்றுப் போவதில்லை என்பதற்கு அவர் சான்று. மறுநாள் 16-ஆம் தேதி, ஸுலூக் முகாமில், கைதிகளாக இருந்த ஏறத்தாழ 20,000 மக்கள் கண்ணெதிரே, எழுபதைக் கடந்த அவ்வாசிரியர் தூக்கிலிடப்பட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். எகிப்தின் கவியரசர் அஹ்மத் ஷவ்கி பாடிய இரங்கற்பா அரபு மாணவர்களுக்கு நன்கு தெரிந்ததே.

பூட்டிய கதவு

படம் வெளிவந்த மறு ஆண்டு, 1982-இல், இத்தாலிய அரசு தன் படையின் மானத்துக்கு இழுக்கு என்று கூறி அதைத் திரையிடவொட்டாமல் தடுத்தது. 2009 ஜூனில் கத்தாஃபி ரோம் நகருக்குச் சென்றார். விலங்கிடப்பட்டு நிற்கும் உமர் முக்தாரின் புகைப்படத்தை மார்பில் குத்திக்கொண்டு அவர் விமானத்திலிருந்து இறங்கியதை உலகமே பார்த்தது. அந்நாட்களில்தான் முதன்முதலாக இத்தாலியத் தொலைக்காட்சி ஒன்றில் படம் காட்டப்பட்டது. 27 ஆண்டுத் தடை! அதன் பின்னரும், 2012-இல், ரோமுக்கு அருகே அஃபீலே என்னும் சிற்றூரில் பொதுப்பணத்தில் கிராஸியானிக்கு நினைவகம் எழுப்பப்பட்டது. படத்தை மறைத்தவர்கள் அதில் பொய் இருந்ததற்காக மறைக்கவில்லை. அதில் இருந்த மெய்யைத் தாங்கமாட்டாமல் மறைத்தனர் என்பது இதனால் விளங்கவில்லையா?

படத்தின் குறை

இப்படத்துக்கும் குறை உண்டு. அதைச் சொல்லாவிடில் நாம் கையிலெடுத்த தராசு கோணிப்போகும். உமர் முக்தாரை உருவாக்கிய ஸனூஸிய்யா தரீக்காவுக்கு உரிய இடத்தைப் படம் தரவில்லை. காரணம் வெளிப்படை. அத்தரீக்காவின் தலைவரான இத்ரீஸ் 1951-இல் லிபியாவின் மன்னரானார். 1969 செப்டம்பர் 1-இல் அவரைக் கவிழ்த்துவிட்டு ஆட்சியைப் பிடித்தவர் கத்தாஃபி. தாம் விரட்டிய மன்னரின் தரீக்காவை அவர் தம் காசில் புகழ்ந்து பாடுவாரா? ஆதலின் திரையில் காணும் முக்தார், வேர் தெரியாத மரம்போல் தனித்து நிற்கிறார். அந்த வேர் ஸாவியாவில், அதன் ஓதலிலும் ஒழுக்கத்திலும் இருந்தது. இதை இல்லத்தில் பெரியவர்கள்தாம் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும்.

படத்துக்குப் பணம் தந்த கத்தாஃபியின் ஆட்சி 2011-இல் வீழ்ந்தது. அவரை எதிர்த்துப் பெங்காஸி வீதிகளில் திரண்டோரும் உமர் முக்தாரின் படத்தையே உயர்த்திப் பிடித்திருந்தனர். படத்தை எடுத்த அக்காத் அதற்கு முன்பே மறைந்துவிட்டார். 2005 நவம்பர் 9-ஆம் நாள் அம்மான் நகர ஓட்டல்களில் மார்க்கத்தின் பெயரால் நிகழ்த்தப்பட்ட குண்டுவெடிப்பில் அவருடைய மகள் மாண்டார். படுகாயமுற்ற அவரும் இரு நாட்களில் மறைந்தார். ஸலாஹுத்தீன் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்ற அவருடைய ஆசை அவருடனேயே முடிந்தது. இஸ்லாமிய வரலாற்றை உலகறியச் செய்தவரை, அந்த மார்க்கத்தின் பெயரைச் சொல்லியே கொன்ற கொடுமையை என்னென்பது! சரணடைந்த பகைவனையும் கொல்லாதே என்று சொன்ன முதியவரைத் திரையில் காட்டியவருக்கு இந்த முடிவு.

விடுமுறை நாளொன்றில் இவ்விரு படங்களையும் தேடி எடுத்துப் பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். 'பாலைவனச் சிங்கம்' ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும். போர்க் கொடுமையும் தூக்குமரமும் உண்டாதலின் மிகச் சிறியவர்களுக்கு ஏற்றதன்று. பார்த்த பின், இது நடந்ததா, எது நடக்கவில்லை, எதைச் சொல்லாமல் விட்டனர் என்று அவர்களையே கேளுங்கள். ஈஸா அல்அவ்வாமின் உண்மைக் கதையைச் சொல்லிக்கொடுங்கள். ஸாவியாவைப் பற்றிச் சொல்லுங்கள். அறிவிப்பாளரை எடைபோடும் கலை மத்ரஸாவின் சுவர்களுக்குள் மட்டும் இருந்தால் போதாது. எந்நேரமும் படமும் செய்தியும் கையில் வந்து விழும் இக்காலத்தில் ஒவ்வோர் இல்லத்துக்கும் அது தேவை.

1930-இல் நடந்த ஒரு மோதலில் உமர் முக்தாரின் மூக்குக் கண்ணாடி இத்தாலியர் கையில் சிக்கியது. கண்ணாடி கிடைத்துவிட்டது, தலையும் விரைவில் கிடைக்கும் என்று கிராஸியானி களிப்புற்றார். படத்தின் இறுதியில், தூக்குமேடையில் முதியவரின் கையிலிருந்து நழுவி விழும் கண்ணாடியை, அவரிடம் ஓதிய சிறுவன் ஒருவன் ஓடிவந்து எடுத்துக்கொள்கிறான். கண்ணாடி படிப்பதற்கு உரியது. எடுத்துக்கொண்ட பிள்ளைக்குப் படிக்கக் கொடுப்பது நம் கடமை.

ஓதிக்கொடுத்த அந்த ஆசிரியரின் கபுரை அல்லாஹுத் தஆலா ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.